தானே மூடிய வால்வு

மழை சற்று ஓய்ந்திருந்த அந்தக் காலையில் அடுப்பில் கேஸ் வரவில்லை.

பஸ்லினா லைட்டரைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். பொறி பறந்ததே தவிரச் சுடர் பிடிக்கவில்லை. பெரிய சட்டியில் அரிசியும் பயறும் கழுவிப் போட்டு வைத்திருந்தாள். கீழே, கார் நிறுத்தும் தளத்தில், முந்தைய நாள் மாலையிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் தங்கியிருந்தன. மஹய்யாவவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளுக்கு மேலே மண் சரிந்தபோது உடுத்த உடுப்போடு ஓடி வந்தவர்கள். அவர்களுக்குக் காலைக் கஞ்சி தன் பொறுப்பு என்று அவள் ஒப்புக்கொண்டிருந்தாள்.

அந்த நவம்பர் மழையில் கண்டியைச் சுற்றி எந்தப் பாதையும் பாதையாக இல்லை. அவளுடைய கணவன் அஸ்ஃபர் திகனயில் தன் ஹார்ட்வெயார் கடையில் அகப்பட்டுக்கொண்டான். “ரோட்டெல்லாம் மண். ரெண்டு நாள் செல்லும் போல. பிள்ளையப் பாத்துக்கோ” என்று சொன்னதோடு போனும் செத்துவிட்டது. கரண்ட் இல்லை. பஸ்லினா படிப்பிக்கும் பாடசாலையும் மூடிக் கிடந்தது. மூன்றாம் மாடி வீட்டில் அவளும் ஆறு வயது மகள் ஸனாவும் மட்டும்தான்.

அந்தக் கட்டடம் மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. முன்பக்கம் ரோட்டைப் பார்த்திருக்கும். பின்பக்கச் சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். பின்னால் மேட்டில், கம்பி வலை அடித்த ஒரு கொட்டிலுக்குள் பெரிய கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அங்கிருந்து ஒரு குழாய் மண்ணுக்கடியில் சரிந்து வந்து, சுவரோடு ஏறி எல்லா வீட்டுக் குசினிக்கும் கேஸ் கொடுத்தது. குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு வால்வு இருந்தது. கேஸ் அளவுக்கு மிஞ்சி ஓடினால், வழியில் எங்கோ உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அது தானாக மூடிக்கொள்ளும். நோன்பு மாதத்தில் எல்லா வீட்டிலும் ஒன்றாக அடுப்பு எரிந்தபோது, ஒன்றும் உடையாமலேயே பலமுறை மூடியிருக்கிறது. அப்போதெல்லாம் நளீர் நானாதான் மேட்டுக்கு ஏறிப் போய்ப் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்துத் திறந்துவிட்டு வருவார்.

நளீர் நானா முதலாம் மாடியில் இருந்தார். புடவைக் கடை வைத்திருந்து மகன்களிடம் ஒப்படைத்துவிட்ட மனிதர். குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர். கொட்டில் சாவி அவரிடம்தான் இருக்கும். லயன்காரர்களைக் கீழ்த்தளத்தில் விடக்கூடாது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தபோது, “உங்கட கார் நனைஞ்சா காயும். அந்தப் பிள்ளைகள் நனைஞ்சா?” என்று கேட்டுக் கதவைத் திறந்து விட்டவரும் அவர்தான்.

பஸ்லினா படியிறங்கிப் போனபோது அவர் வாசலில் சேற்றுச் செருப்போடு நின்றார்.

“கேஸ் இல்ல நானா.”

“தெரியும். போய்ட்டுத்தான் வாறேன். அமத்தி அமத்திப் பாத்தேன். திறக்குதே இல்ல, சனியன்.”

“அப்ப குழாய் எங்கயாச்சும் உடைஞ்சீக்குமோ?”

“நோம்புக்கும் இப்படித்தானே மூடிச்சு? அப்ப ஏதாச்சும் உடைஞ்சா ஈந்திச்சு? இந்த மழைக்கு வால்வுக்குள்ள தண்ணி போயீக்கும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வால்வச் சுத்திக்கொண்டு சின்னக் குழாய் ஒண்டு போகுது. பழுது பாக்க வாறவங்க திறக்கிறது. அதத் திறந்தா வால்வு இல்லாமலே கேஸ் வரும். கஞ்சி ஆகுற வரைக்கும்தானே. கீழ பிள்ளைகள் நேத்துப் பின்னேரம் பிஸ்கட் திண்டதோட ஈக்குதுகள்.”

பஸ்லினாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. ஆனால் அந்தப் பிள்ளைகளை அவள் விடியற்காலையில் பார்த்திருந்தாள். ஒரு சின்னப் பையன் தன் தங்கையின் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். “சரி நானா, கவனமாத் திறங்க” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டடத்தின் வெவ்வேறு குசினிகளிலிருந்து, “வந்துட்டு, வந்துட்டு!” என்று பெண்களின் குரல் கேட்டது. ஸனா கைதட்டினாள். “உம்மா, நான் கீழ போகட்டா? அங்க ஒரு பேபி ஈக்கி” என்றாள். சந்திரிகாவின் கைக்குழந்தையைத்தான் சொன்னாள். சந்திரிகா லயனிலிருந்து வந்த பெண். அவளும் கணவன் வீரையாவும் மூலையில் பாய் விரித்திருந்தார்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தையைக் கண்டதிலிருந்து ஸனாவுக்கு வேறு நினைப்பில்லை.

“போ. ரோட்டுக்கு மட்டும் போகப்படாது” என்று பஸ்லினா அனுப்பிவைத்தாள்.

கஞ்சி கொதிக்கவே இல்லை. எவ்வளவு திருகினாலும் சுடர் கட்டைவிரல் உயரத்தைத் தாண்டவில்லை. அதுவும் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஏறியது, தணிந்தது, நீலம் மங்கி மஞ்சளாகத் துடித்தது, மறுபடி ஏறியது. களைத்துப்போன ஒருவர் மூச்சு விடுவது போலிருந்தது. எல்லாரும் ஒன்றாகச் சமைக்கிறார்கள், அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் நோன்பு மாதத்தில்கூட சுடர் இப்படி மூச்சு வாங்கியதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்க ஜன்னலைத் திறந்தாள்.

முதலில் எல்லாம் வழக்கம்போலத்தான் தெரிந்தது. மேடு, கொட்டில், நனைந்த வாழை. பிறகு, நேற்று இல்லாத ஒரு கோடு கண்ணில் பட்டது. கொட்டிலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே, சரிவின் குறுக்கே, மண் வாய் பிளந்திருந்தது. பெரிய பிளவு இல்லை. ஒரு கை நுழையும்; பக்கவாட்டுப் படியால் மேட்டுக்கு ஏறுபவருக்கு வாழை அதை மறைத்துவிடும். ஆனால் அதற்குக் கீழே இருந்த நிலம் முழுவதும் ஒரு படி இறங்கியிருந்தது. பிளவில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மழை இல்லை. காற்றில்லை. சேற்றுத் தண்ணீரில் குமிழிகள் எழும்பி உடைந்தன. மறுபடி எழும்பின. அவளுடைய அடுப்பில் கொதிக்காத கஞ்சி அங்கே மண்ணுக்குள் கொதித்ததுபோல இருந்தது.

குழாய் போகும் இடம் அதுதான்.

வால்வு பழுதாகவில்லை. காலையில் மண் இறங்கியபோது குழாய் உடைந்திருக்கிறது. வால்வு மூடிக்கொண்டது. திறக்க மறுத்தது. அதைச் சுற்றி வழி செய்து கேஸைத் திறந்து விட்டது நாங்கள்தான்.

எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது? கேஸ் எங்கே போயிருக்கும்? குமிழியாக மேலே வருவது கொஞ்சம்தான். மீதி? சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. அவளே வகுப்பில் படிப்பித்திருக்கிறாள். அது புகைபோல மேலே போகாது. தண்ணீர்போலப் பள்ளம் தேடிப் போகும். மண்ணின் ஈரத் துவாரங்கள் வழியே, சுவரில் தண்ணீர் கசிவதற்கு விட்ட ஓட்டைகள் வழியே, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற பள்ளத்துக்கு.

கார் நிறுத்தும் தளத்துக்கு. ஸனா அங்கே இருக்கிறாள்.

பஸ்லினா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். இரண்டாம் மாடிக் கதவுகள் திறந்து கிடந்தன. “கேஸ மூடுங்க! எல்லா வீட்டிலயும் அடுப்ப நூருங்க! ஜன்னலத் திறங்க!” என்று கத்திக்கொண்டே இறங்கினாள். யாரோ, “என்ன டீச்சர்?” என்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை. முதலாம் மாடியைத் தாண்டும்போது அந்த வாசம் மூக்கில் ஏறியது. அழுகிய வெங்காயம் போல, மெல்லியதாக. கீழே போகப் போக ஈரத் துணி வாசமும் சாக்கடைக் கான் நாற்றமும் மண்ணெண்ணெயும் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போனது. அதனால்தான் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கீழ்த்தளத்தின் முன்பகுதியில் ரோட்டு வெளிச்சம் விழுந்தது. உள்ளே போகப் போக இருட்டு. பாய்கள், பைகள், கொடியில் தொங்கும் சேலைகள். நெற்றியில் துணி கட்டிக்கொண்டு ஒரு கிழவர் படுத்திருந்தார். நளீர் நானா வாசலுக்குப் பக்கத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “கஞ்சி ஆகிட்டா பஸ்லினா?” என்று சிரித்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பின்சுவர் மூலையில், தண்ணீர் மோட்டார் இருந்த பக்கம், வீரையா குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு இருந்தது. கையில் நெருப்புப் பெட்டி.

அவர் ஒரு குச்சியை உரசினார்.

பஸ்லினா கத்தப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

குச்சி ஈரம். மருந்து கரைந்து பெட்டியில் கோடாக ஒட்டியது. வீரையா அதை வீசிவிட்டு இன்னொரு குச்சியை எடுத்தார். அதைத் தலைமுடியில் தேய்த்துக் காயவைத்தார். பிறகு வாயருகே பிடித்து ஊதினார். அவர் ஊதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பஸ்லினா பாய்களையும் கால்களையும் தாண்டி ஓடினாள். யாருடைய கையையோ மிதித்தாள். ஒரு பெண் கத்தினாள். வீரையா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் கையைப் பிடித்து, பெட்டியைப் பறித்துத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

“என்னாங்க டீச்சர்! என்ன ஆச்சு?” வீரையா திகைத்துப்போனார். “புள்ளைக்குத் துணி மாத்தணும்னா சந்திரிகா. இருட்டா இருக்குன்னு வெளக்கு ஏத்தப் போனேன்.”

“பத்த வெக்காதீங்க.” குரல் வந்துவிட்டது. ஆனால் அது அவளுடைய குரலாக இல்லை. “யாரும் ஒண்டும் பத்த வெக்காதீங்க. டோர்ச் போடாதீங்க. போன எடுக்காதீங்க. கேஸ் லீக் ஆகி உள்ள நிறைஞ்சீக்கி. எல்லாரும் ரோட்டுக்குப் போங்க. சாமான விட்டுட்டுப் போங்க.”

எல்லாரும் ஒரேயடியாக எழுந்தார்கள். பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம், தட்டு உருளும் சத்தம், அழுகை. நேற்று மண்ணுக்குப் பயந்து ஓடியவர்கள் இன்று மறுபடி ஓடினார்கள். உலோகத் தட்டு சீமெந்துத் தரையில் விழுந்த ஒவ்வொரு முறையும் பொறி கிளம்பிவிடுமோ என்று பஸ்லினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஸனா எங்க?”

சந்திரிகா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்கத் தடுமாறினாள். “இங்கதான் டீச்சர். தல வலிக்குதுன்னு சொல்லிட்டு நம்ம பாயிலயே படுத்துருச்சு.”

ஸனா சுவரோரம், பாயின் கடைசியில், ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னம் தரையில் பட்டிருந்தது. பஸ்லினா தொட்டாள். சூடு இருந்தது. அசைத்தாள். ஸனா எழும்பவில்லை.

“ஸனா. மகள். எழும்புங்க. ஸனா!”

தலை தொங்கியது. பஸ்லினா மகளைத் தோளில் வாரிப் போட்டுக்கொண்டு நடந்தாள். ஓட முடியவில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று உதடு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே ரோட்டோரத்தில் மழைத் தூறல் முகத்தில் விழுந்ததும் ஸனா இருமினாள். ஒருமுறை ஓங்கரித்தாள். பிறகு தாயின் தோளில் வாந்தியெடுத்தாள்.

“உம்மா, தல சுத்துது.”

பஸ்லினா அந்த வாந்தி நாற்றத்தோடு அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். நெருப்புப் பெட்டி இன்னும் அவள் கைக்குள் நசுங்கிக் கிடந்தது.

நளீர் நானா அவள் எதிரே நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

“பின்னால மண் வெடிச்சீக்கி நானா” என்றாள் பஸ்லினா. “குழாய் உடைஞ்சுதான் வால்வு மூடினது.”

அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் பக்கவாட்டுப் படியில் மேட்டை நோக்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வழியில் ஒருமுறை வழுக்கி விழுந்து, கைகளால் ஊன்றி எழுந்து, மறுபடி ஓடினார். வெடிப்பு இருந்த அந்தச் சரிவைத்தான் அவர் சுற்றிப் போகவேண்டியிருந்தது.

எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடைத் தாழ்வாரங்களில் ஒதுங்கினார்கள். மேல்மாடிக்காரர்களும் இறங்கி வந்திருந்தார்கள். தப்பிவிட்டோம் என்று பஸ்லினாவும் நினைத்தாள். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பெண், “பரவால்ல, கரண்டாச்சும் இப்ப வந்துரும். அங்க செஞ்சிட்டு இருக்காங்க பாருங்க” என்றாள்.

ரோட்டின் வளைவில் மின்சாரக்காரர்களின் லொறி நின்றது. தூணில் ஏறியிருந்த ஒருவன் இறங்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் கயிறைச் சுருட்டினான். வேலை முடிகிற நேரம்.

பஸ்லினா சட்டென்று கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கீழ்த்தளத்தின் பின்மூலையில் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. மேல் தாங்கியில் தண்ணீர் குறைந்தால் அது தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் போனதிலிருந்து தாங்கி காலி. லைன் வந்த அந்த நொடியே மோட்டார் பொறி தட்டும். எத்தனையோ நாள் இரவில் அந்த ‘டக்’ சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். மேலே சிலிண்டரை மூடினாலும், உள்ளே ஏற்கெனவே நிறைந்திருப்பது அங்கேயேதான் இருக்கும்.

அதற்கு மேலே, கட்டடத்தில் இன்னும் யாராவது இருந்தால்? நாலாம் மாடியில் நடக்கமுடியாத ஒரு தாயும் அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் இறக்கிக்கொண்டு வந்ததை அவள் காணவில்லை. நளீர் நானா கட்டடத்துக்குப் பின்னால்.

“வீரையாண்ணே!” அவள் கத்தினாள். “அந்த லொறிக்காரர்கிட்ட ஓடுங்க. லைன் குடுக்க வேணாம்னு சொல்லுங்க. எப்பிடியாச்சும் நிப்பாட்டுங்க!”

வீரையா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

ஆனால் லொறி தூரத்தில் இருந்தது. அவர்கள் கேட்பார்களா என்பது தெரியாது. வேறு இடத்திலிருந்து லைன் கொடுத்தாலும் கொடுப்பார்கள். கட்டடத்தின் பிரதான சுவிட்ச், மோட்டாருக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. கரண்ட் இல்லாதபோது அதை இறக்கினால் பொறி வராது. இறக்கும் நொடியில் கரண்ட் வந்தால்?

சந்திரிகா பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் அவளுடைய குழந்தை. பஸ்லினா ஸனாவை அவளிடம் கொடுத்தாள்.

“எங்க போறீங்க டீச்சர்? வேணாம், போகாதீங்க!”

“பிள்ளையப் பிடிச்சிக்கோங்க. விட்டுடாதீங்க.”

“உம்மா!” என்று ஸனா அழத் தொடங்கினாள். அந்த அழுகை கீழ்த்தளத்து வாசல்வரை அவள் கூடவே வந்தது.

உள்ளே நுழைந்ததும் அந்த அழுகை அடங்கிப்போனது போலிருந்தது. விரித்தபடி கிடந்த பாய்கள். கவிழ்ந்த கோப்பைகள். ஒரு பிள்ளையின் காலிலிருந்து கழன்ற சின்னச் சப்பாத்து. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, நிமிர்ந்தபடியே நடந்தாள். குனியக்கூடாது, கீழேதான் அதிகம். வெளிச்சம் முடிந்த இடத்தில் கையை முன்னால் நீட்டிச் சுவரைத் தேடினாள். வெறுங்காலில் ஈரம் பட்டது. கால் அருகே ஏதோ சீறுவது போல மெல்லிய சத்தம் கேட்டது. சுவர் ஓட்டையிலிருந்து வருகிறதா, தன் காதிலேயே கேட்கிறதா என்று தெரியவில்லை.

இப்போது வந்துவிடும். இந்த அடியில் வந்துவிடும். அந்த எண்ணம் ஒவ்வொரு அடியிலும் கூடவே வந்தது. வந்தால் எப்படி இருக்கும் என்றும் தோன்றியது. சத்தம் கேட்குமா, அதற்கு முன்பே முடிந்துவிடுமா? ஸனா ரோட்டில் நின்று பார்ப்பாளா? திரும்பி ஓடிவிடலாம் என்று கால் உண்மையாகவே ஒருமுறை நின்றது. யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கை மோட்டாரின் குளிர்ந்த இரும்பில் பட்டது. அதற்கு மேலே பெட்டி. பெட்டியின் மூடி துருவேறிக் கிறீச்சிட்டது. உள்ளே கைப்பிடி. இழுத்தாள். அசையவில்லை. எத்தனை வருடமாக யாரும் தொடாததோ. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். தலை கிறுகிறுத்தது. நெற்றியில் வியர்வையா மழையா என்று தெரியாத ஈரம் கண்ணுக்குள் வழிந்தது.

“இறங்கு” என்றாள். “இறங்கு, இறங்கு.”

தடக்கென்று கைப்பிடி கீழே விழுந்தது. அவளும் முழங்காலில் விழுந்தாள்.

எழுந்து, சுவரைப் பிடித்தபடி வெளிச்சத்தை நோக்கி வந்தாள். வாசலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது ரோட்டிலிருந்து ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. எதிர்க்கடையின் பெயர்ப்பலகை விளக்கு பளிச்சென்று எரிந்தது. எங்கோ ஒரு ரேடியோ உரத்த குரலில் பாதி வாக்கியத்திலிருந்து பேசத் தொடங்கியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

“கரண்ட் வந்துட்டு!”

பஸ்லினா அப்படியே நின்றாள். முதுகுக்குப் பின்னால் அந்த இருட்டு இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ‘டக்’ சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் ஓடவில்லை. கட்டடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை.

அவள் எப்படி ரோட்டைக் கடந்தாள் என்பது பிறகு நினைவில்லை. சந்திரிகா அவளை நிலத்தில் உட்காரவைத்ததும், ஸனா கழுத்தைக் கட்டிக்கொண்டதும், யாரோ தண்ணீர் கொடுத்ததும் மட்டும் நினைவிருந்தது. வீரையா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். அவர் சொல்லிப் புரியவைப்பதற்குள் வேறு இடத்திலிருந்து லைன் கொடுத்துவிட்டார்களாம். “கத்தினேன் டீச்சர். கும்பிட்டுக் கூடக் கேட்டேன். அவுங்களுக்கு வெளங்கல” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார். சிங்களத்தில் ‘கேஸ்’ என்று சொல்லத் தெரிந்தது, மீதியைச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் அவர் அழுகையாக இருந்தது.

நளீர் நானா சிலிண்டர்களை மூடிவிட்டு வந்தார். முழங்கால் வரை சேறு. தீயணைப்புப் படையினர் மத்தியானத்துக்குப் பிறகு வந்தார்கள். நாலாம் மாடித் தாயை நாற்காலியோடு தூக்கி, மகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். பெரிய காற்றாடிகளை ரோட்டில் வைத்து உள்ளே காற்றை அடித்தார்கள். கேஸ் இருப்பதைக் காட்டும் அவர்களது கைக்கருவி பொழுது சாயும்வரை கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

லயன் குடும்பங்களை ஒரு பாடசாலைக்கு அனுப்புவதற்கு வேன் வந்தபோது, நளீர் நானா அவர்கள் முன்னால் போய் நின்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. வால்வு பழுது என்றுதான் பலர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வால்வு சரியாத்தான் மூடினது” என்றார் அவர். “நான்தான் வேற வழியால திறந்துவிட்டேன். உங்களையெல்லாம் நான்...”

சந்திரிகா குழந்தையின் தலையைத் துணியால் மூடியபடி அவரைப் பார்த்தாள். ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் தன் தாயைப் பற்றி இன்னும் ஒரு சேதியும் வராதவள். “எடங் குடுத்ததும் நீங்கதானேங்க ஐயா” என்றாள் கடைசியில். கோபமா ஆறுதலா என்று பிரிக்க முடியாத குரல் அது. பிறகு வேனில் ஏறிக்கொண்டாள்.

நளீர் நானா பஸ்லினாவின் பக்கம் திரும்பினார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது தெரிந்தது. சரி கவனமாத் திறங்க என்று சொன்னது தன் வாய்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவர் பிள்ளைகளின் பசிக்காகத்தான் செய்தார் என்பதும் தெரியும். ஆனால் தரையில் கன்னம் பதித்துக் கிடந்த ஸனாவின் முகம் அவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. “வீட்டுக்குப் போய்க் காலக் கழுவுங்க நானா, ரெத்தம் வருது” என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போக முடியாது என்பது அப்புறம்தான் இருவருக்கும் நினைவு வந்தது.

அன்றைக்கு அஸ்கிரியவில், அவளோடு படிப்பிக்கும் நிரோஷினியின் வீட்டில் தங்கினார்கள். அடுத்த நாள் பகலில் அஸ்ஃபர் வந்து சேர்ந்தான். திகனயிலிருந்து மண்மேடுகளின் மேல் ஏறியும் இறங்கியும் நடந்தே வந்திருந்தான். கட்டடத்தில் நடந்ததை வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். ஸனாவைத் தூக்கி முகர்ந்து முகர்ந்து பார்த்தான். பஸ்லினாவின் உள்ளங்கையில் சுவிட்ச் கைப்பிடி கிழித்த காயத்தை விரலால் தடவினான்.

“முதல்ல ஒரு பிளேன்டீ குடிங்க” என்று நிரோஷினி குசினிக்குப் போனாள். அது சாதாரண சிலிண்டர் அடுப்பு. ரெகுலேட்டரைத் திருப்பும் சின்னச் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு கேஸ் வாசம், எந்த அடுப்பிலும் வருவதுதான், முன்னறைவரை மிதந்து வந்தது.

பஸ்லினா எழுந்தாள். அஸ்ஃபரின் மடியிலிருந்து ஸனாவைப் பறித்தெடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள்.

“என்ன பஸ்லினா? எங்க போற?” அஸ்ஃபர் பின்னால் வந்தான்.

“ஒண்டுமில்ல. தேத்தண்ணி ஆகட்டும். அடுப்ப நூத்த பொறகு சொல்லுங்க, வாறம்.”

அவள் ரோட்டின் மறுபக்கம் போய், ஒரு மதிலோடு முதுகை அழுத்தி நின்றாள். ஸனா, “மழை பெய்யுது உம்மா” என்றாள். பஸ்லினா தன் முந்தானையை இழுத்து மகளின் தலையில் போட்டாள். அஸ்ஃபர் ஒரு நிமிடம் வாசலில் தயங்கினான். பிறகு அவனும் ரோட்டைக் கடந்து வந்து, அவர்கள் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றான்.